பத்தாவது இலக்கம்

1981 மே 28, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி அடித்த பிறகு, கடையநல்லூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உம்மம்மாவின் தொழுகைப் பாயை வலப்பக்கமாக இருபத்து மூன்று பாகை திருப்பிப் போட்டேன். அதுவரை அந்தக் கோரைப்பாய் சுவரை ஒட்டி, நேர் மேற்கே பார்த்துக் கிடந்தது. நான் திருப்பியதும் அறைக்கே கோணலாகத் தெரிந்தது.

பிற்பகல் தொழுகையான அஸர் தொழ ஒளுச் செய்துவிட்டு வந்த உம்மம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் காகிதத்தைக் காட்டினேன். மக்கா நமக்கு நேர் மேற்கில் இல்லை, மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து இருக்கிறது, இது சிங்கப்பூர் மிஷினில் போட்ட கணக்கு, இப்போது வெயிலில் கம்பு நட்டும் சரிபார்த்துவிட்டேன் என்றேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஏன் வாப்பா, அப்போ இத்தன வருசமா நான் தொழுததெல்லாம்?"

அவளுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். ஐந்து வேளை, அறுபது வருடம் என்று வைத்தாலே ஒரு லட்சத்தைத் தாண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது. கணித ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கையில் பத்து இலக்கம் வரை விடை இருந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் விடை இல்லை. அந்தக் கேள்வியோடுதான் இத்தனை ஆண்டுகளாக இருந்து வருகிறேன்.

மிஷின் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையநல்லூர்க்காரர்களுக்கு சிங்கப்பூர் அடுத்த தெரு மாதிரி. தஞ்சோங் பகார் பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஊர்ப் பெயரிலேயே சங்கம் வைத்தார்கள். 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினார்கள். என் மாமா சிறு வயதிலேயே அங்கே போனவர். நில அளவைக் கம்பெனி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து கணக்குப் பிரிவு வரை உயர்ந்தார். அந்தக் கம்பெனி புது மிஷின்கள் வாங்கியபோது பழையதை அவருக்கே கொடுத்துவிட்டது. 1979இல் 'சிதம்பரம்' கப்பலில் அதை மரப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "கணக்குப் படிச்ச மருமவனுக்கு" என்றார். பதினெட்டு கிலோ.

அது ஹியூலெட் பேக்கார்டு 9100ஏ. 1968இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் விலை 4,900 டாலர். தட்டச்சுப் பொறியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே சிறிய திரை, அதில் பச்சையாய் ஒளிரும் மூன்று வரி எண்கள். உள்ளே இன்று நாம் சொல்லும் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. தனித்தனி டிரான்சிஸ்டர்கள், டயோடுகள். சைனும் லாகும் எப்படிப் போடுவது என்ற அறிவு, பதினாறு அடுக்குள்ள ஒரு மின்சுற்றுப் பலகையின் தடங்களிலேயே பதிந்திருந்தது. நாம் எழுதும் புரோகிராமும் எண்களும் தங்குவதற்குக் காந்தவளைய நினைவகம். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகள், அவை சந்திக்கும் இடமெல்லாம் கடுகைவிடச் சிறிய ஒரு காந்த வளையம். அதன் படத்தை ஒரு புத்தகத்தில் வாப்பாவிடம் காட்டினேன். வாப்பா குழித்தறியில் வயிற்றைக் கழுவியவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவும் ஊடையும்லா இது" என்றார். அதற்குப் பிறகு அந்த மிஷின் அவருக்கு அந்நியமாக இல்லை.

அதை இயக்கப் பழகியதில் எனக்கு ஓர் ஆச்சரியம் இருந்தது. பள்ளியில் மூன்று, கூட்டல், நான்கு, சமம் என்று எழுதுகிறோம். இந்த மிஷினில் சமக்குறியே இல்லை. மூன்றைப் போட்டு மேலே ஏற்று, நான்கைப் போடு, அதற்குப் பிறகுதான் கூட்டு என்ற விசை. 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்று நாம் வீட்டில் சொல்கிற அதே வரிசை. வினை கடைசியில் வரும் மொழியில் வளர்ந்தவனுக்கு அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.

புரோகிராம் போடுவது வேறு விதமான பழக்கம். ஒரு சுவிட்சை மாற்றினால் மிஷின் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் மனப்பாடம் செய்யத் தொடங்கும். மொத்தம் 196 படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முகவரி. இரண்டு எண்களை ஒப்பிட்டு, இது பெரிதானால் அந்த முகவரிக்குப் போ, இல்லையென்றால் மேலே நட என்று வழி பிரிக்கலாம். 'ஸ்டெப் புரோகிராம்' விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு படியின் முகவரியும் அதற்குரிய குறியெண்ணும் திரையில் வரும். ராத்திரி தறிச் சத்தம் அடங்கிய பிறகு, நோட்டில் எழுதிய வரிசையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பேன். சரியாக வந்துவிட்டால் உள்ளங்கையளவு காந்த அட்டையில் பதிவு செய்துகொள்ளலாம். மறுநாள் அட்டையைச் செருகினால் நேற்றைய யோசனை முழுவதும் மிஷினுக்குள் வந்துவிடும்.

தானாக எதுவும் தெரியாத, சொன்னதை மட்டும் தவறாமல் செய்கிற ஒன்றிடம் எதைக் கேட்பது என்று யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது கிப்லா, தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை.

எங்கள் ஊரில் கிப்லா என்றால் மேற்கு. குற்றாலத்திலிருந்து நீண்டு வரும் மலைத்தொடர் மேற்கே சுவராக நிற்கிறது. மலையைப் பார்த்து நில், அதுதான் கிப்லா என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அட்லஸை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கடையநல்லூர் வடக்கு அட்சரேகை 9 பாகை 5 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 21 கலை. மக்கா வடக்கே 21 பாகை 25 கலை, கிழக்கே 39 பாகை 49 கலை. தட்டையான படத்தில் மேற்கிலிருந்து வடக்கே 18 பாகை சாய்வு வந்தது. ஆனால் பூமி தட்டையல்ல. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால் கோளத் திரிகோணமிதி வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் பெரிய வம்சாவளி இருக்கிறது. சைன் என்ற சொல்லே நம் பக்கத்து 'ஜ்யா'. அரபு அறிஞர்கள் அதை 'ஜீபா' என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டு, அந்தச் சொல்லுக்கு மடி, வளைவு என்ற பொருள் இருந்ததால் லத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவன், சைனை முடிவிலாத் தொடராக விரித்துக் காட்டினார். கஜ்னியின் கிப்லாவைக் கண்டுபிடிக்க அல்பிரூனி ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை நிர்ணயிப்பது பற்றி ஒரு முழு நூல் எழுதினார். திமிஷ்கில் (டமாஸ்கஸ்) அல்கலீலி பதினான்காம் நூற்றாண்டில் ஏறத்தாழ 3,000 விடைகள் கொண்ட கிப்லா அட்டவணையைக் கையாலேயே போட்டார். செய்முறை என்ற பொருளில் இன்று உலகம் சொல்லும் 'அல்காரிதம்' என்ற சொல் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. நான் ஒரு விசையைத் தட்டும்போது இவ்வளவு பேரும் அந்த அறைக்குள் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

சைன் விசைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 1959இல் ஜாக் வோல்டர் என்ற பொறியாளர் வெளியிட்ட முறை அது. பி-58 என்ற குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காக உருவாக்கியது. மிஷின் கோணத்தைப் பட்டியலில் தேடுவதில்லை. திரும்பித் திரும்பிக் கண்டுபிடிக்கிறது. முதலில் 45 பாகை திரும்பும். தாண்டிவிட்டால் பின்வாங்கி, 5.71 பாகை அளவுத் திருப்பங்களாகத் திரும்பும். அதிலும் தாண்டினால் ஒன்று பின்வாங்கி, 0.573 பாகை. இப்படித் திருப்பம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், இலக்கைத் தொடும் அளவுக்கு நெருங்கும். போரின் தேவைக்காகப் பிறந்த ஒன்று எங்கள் வீட்டில் கிப்லா தேடியதை நினைத்துப் பல இரவு விழித்திருக்கிறேன். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன என்பதுதான் மார்க்கத்தில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். அந்த எண்ணம், நிய்யத், மிஷினுக்குக் கிடையாது. அதன் முன்னால் உட்காருகிறவன்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

அட்டையைச் செருகி, நான்கு எண்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வடக்கிலிருந்து மேற்கே 66.7 பாகை, அதற்குப் பின்னால் இன்னும் ஏழு இலக்கங்கள். அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 23.3 பாகை. தூரம் சுமார் 4,240 கிலோமீட்டர்.

மிஷினை மட்டும் நம்பி உம்மம்மாவின் பாயைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு வானத்தின் சாட்சி ஒன்று இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாள், மே 28 வாக்கிலும் ஜூலை 16 வாக்கிலும், சூரியன் மக்காவிலுள்ள கஅபாவுக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்த நிமிடத்தில் உலகில் வெயில் விழும் எந்த இடத்திலும் சூரியனைப் பார்த்து நின்றால் அது கிப்லா. நம் நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம், ஜூலையில் 2 மணி 57 நிமிடம். ஜூலையில் எங்கள் ஊரில் சாரல் மேகம் மூடிவிடும். மே மாதம்தான் தோது. நேர் மேற்கு எது என்பதை முதலிலேயே வட்டம் வரைந்து, முற்பகல் நிழலும் பிற்பகல் நிழலும் வட்டத்தைத் தொடும் புள்ளிகளைச் சேர்த்துக் குறித்துவைத்தேன். அரபு வானியலாளர்கள் அந்த வட்டத்தை 'இந்திய வட்டம்' என்றே அழைத்தார்கள். அன்று முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டேன். 2:48க்கு நிழல் 78 சென்டிமீட்டர் நீளத்தில் கிழக்கும் தெற்குமாகச் சாய்ந்து விழுந்தது. அதன்மேல் வாப்பாவின் பாவு நூலை இழுத்துக் கட்டி அளந்தேன். மேற்கே 100 சென்டிமீட்டர் போனால் வடக்கே 43. மிஷின் சொன்னது சரி.

அதற்குப் பிறகுதான் பாயைத் திருப்பினேன். உம்மம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அன்றைய அஸரை அவள் அந்தப் பாயில் தொழவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எங்கள் மார்க்க அறிஞரான ஹஸ்ரத்தைப் பார்த்தேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உம்மம்மா கேட்டதையும் சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஏற்கெனவே கேட்டாச்சு தம்பி" என்றார்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த பிறகும் முஸ்லிம்கள் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதுவந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் கஅபாவை நோக்கித் திரும்பும்படி கட்டளை வந்தது. செய்தி மதீனாவை அடுத்த குபாவுக்குப் போனபோது அங்கே ஜமாஅத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. தொழுகையை விடாமல், அதன் நடுவிலேயே வரிசை முழுவதும் திரும்பிக்கொண்டது. அப்போது நபித்தோழர்களான ஸஹாபாக்களுக்கு ஒரு கவலை வந்தது. கிப்லா மாறுவதற்கு முன்பே, பழைய திசையை நோக்கித் தொழுதபடி மௌத்தாகிப் போனவர்களின் தொழுகை என்ன ஆகும்? அதற்குப் பதிலாகத்தான் அல்பகரா அத்தியாயத்தின் 143ஆம் வசனத்தின் பிற்பகுதி இறங்கியது என்பது அறிவிப்பு. உங்கள் நம்பிக்கையை அல்லாஹ் வீணாக்கிவிட மாட்டான் என்பது அதன் கருத்து.

"உம்மம்மாட்ட இதச் சொல்லு" என்றார் ஹஸ்ரத். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "தெரியாம நின்ன வரைக்கும் அது சரிதான். தெரிஞ்ச பொறவு திரும்பிக்கணும்."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். உம்மம்மா முழுவதையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். குபா வரிசை தொழுகையின் நடுவிலேயே திரும்பியதைக் கேட்டபோது அவள் கண் கலங்கியது. பிறகு எழுந்து, வாப்பாவின் தறிக்குப் பக்கத்தில் கிடந்த தார்க்குச்சியிலிருந்து ஒரு முழம் நீல நூலை அறுத்தாள். பாயில் நின்று, நான் காட்டிய திசையில் கண்ணை ஓட்டி, ஜன்னலின் மூன்றாவது கம்பியில் அந்த நூலைக் கட்டினாள். பாகை, கலை எல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. இஷா தொழுகைக்கு நூலைப் பார்த்து நின்றாள்.

எனக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் ஏறவில்லை. ஊரில் விஷயம் பரவி, துபாய், கோலாலம்பூர், ஜித்தா என்று ஆளுக்கொரு ஊரின் கிப்லாவைக் கேட்டு வந்தார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். எல்லாத் தசமங்களையும் எழுதுவேன். லண்டனில் படிக்கப் போன எங்கள் தெருப் பையன் ஒருவன் கடிதம் எழுதிக் கேட்டான். மிஷினில் போட்டேன். வடக்கிலிருந்து மேற்கே 61 பாகை என்று வந்தது. காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன்.

அன்று வகுப்பறையில் பூமி உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. லண்டன் மக்காவுக்கு வடமேற்கே இருக்கிறது. அங்கே இருப்பவன் தென்கிழக்கே பார்க்க வேண்டும். நான் எழுதியிருந்தது வடமேற்கு. அந்தப் பையனைக் கஅபாவுக்கு நேராக முதுகைக் காட்டி நிற்கும்படி எழுதியிருக்கிறேன். என் புரோகிராமில் டேன் தலைகீழியை மட்டும் வைத்திருந்தேன். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் இரண்டுமே குறை எண்ணாக வந்தால் வகுத்தபோது குறி அழிந்துபோகும். நேரெதிர்த் திசைகள் இரண்டுக்கும் ஒரே விடை வரும். அந்த மிஷினில் இதற்கென்றே 'டு போலார்' என்ற விசை இருக்கிறது. இரண்டு எண்களையும் வகுக்காமல், அவற்றின் குறியோடு எடுத்துக்கொண்டு சரியான கால்வட்டத்தில் கோணத்தைத் தரும். அதை வைத்துத் திருத்தியதும் வடக்கிலிருந்து கிழக்கே 119 என்று வந்தது.

அந்த மிஷினின் திரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு உண்டு. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலோ பூச்சியத்தால் வகுத்தாலோ, கூடாததைக் கேட்டுவிட்டாய் என்று அது எரியும். அந்தப் பையனை முதுகு காட்டி நிற்கச் சொன்ன அன்று அந்த விளக்கு எரியவில்லை. பத்து இலக்கங்களும் எப்போதும்போல் பச்சையாக, அசையாமல் நின்றன. கணக்கின் விதியை நான் மீறவில்லை, அதனால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. மீறியது வேறொன்று. அதைக் காட்டிக்கொடுத்தது வகுப்பறையின் பழைய உருண்டை. அன்றிலிருந்து எந்த ஊருக்கு விடை எழுதினாலும் முதலில் உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்காமல் எழுதியதில்லை.

தசமங்களைப் பற்றியும் அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். நான் மிஷினுக்குக் கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கலை வரைக்கும்தான் எனக்குத் தெரியும். ஒரு கலை என்றால் தரையில் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட எண்ணிலிருந்து வரும் விடையில் இரண்டாம் தசமமே உறுதியில்லை. ஆனால் மிஷின் ஏழு தசமங்களுக்கும் மேல் காட்டும், உள்ளே இன்னும் இரண்டு இலக்கங்களை மறைவாக வைத்துக்கொண்டிருக்கும். பத்தாவது இலக்கம் மிஷினுக்குச் சொந்தம். அதை என் அறிவாக எழுதிக் கொடுத்தது நான் செய்த தவறு.

இறைவன் எத்தனை தசமம் கேட்கிறான் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். கடையநல்லூரிலிருந்து ஒரு பாகை தவறினால் மக்காவில் சுமார் 69 கிலோமீட்டர் விலகும். கஅபாவின் அகலம் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர். எங்கள் பள்ளிவாசலில் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு ஸஃப் கோடு, அதாவது தொழுகை வரிசைக் கோடு போட்டு, அதற்கு நேர் குறுக்கான திசை கஅபாவின் சுவரைத் தொட வேண்டுமென்றால், கோட்டின் ஒரு முனை 0.04 மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது. தலைமுடியில் பாதி. சுண்ணாம்புக் கோட்டின் கனமே அதைவிட நூறு மடங்கு. நின்று தொழுகிறவன் மூச்சு விடும்போது அவன் நெஞ்சு அதைவிட அதிகம் அசைகிறது. அப்படியானால் இந்த ஊரில் எந்தக் காலத்திலும் எவரும் கஅபாவின் சுவருக்கு நேராக நின்றதில்லை, இனி நிற்கப்போவதும் இல்லை. ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை மிஷின் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். கஅபாவின் உருவையே நோக்க வேண்டுமா, அது இருக்கும் திசையை நோக்கினால் போதுமா என்று விவாதித்து, தொலைவில் இருப்பவனுக்குத் திசை போதும் என்று சொன்னவர்கள் பலர். அதே அல்பகரா அத்தியாயத்தின் 177ஆம் வசனமும், முகத்தைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவதோடு நன்மை முடிந்துவிடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி, அநாதைக்கும் ஏழைக்கும் கொடுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் அல்கலீலி ஏன் மூவாயிரம் விடைகளை அத்தனை பாடுபட்டுப் போட்டார்? திசை போதும் என்று விட்டிருக்கலாமே. என்னால் இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. கணக்குத் தெரிந்தவனுக்குக் கணக்கு ஓர் அமானத். அதைக் குறைத்துப் போடுவது மோசடி. முடிந்தவரை துல்லியமாகப் போடுவது அவன் இறைவனுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்தத் துல்லியம் அவன் மேலுள்ள கடமை மட்டும்தான். அது தெரியாமல் நின்று தொழுதவர்களின் தலையில் வைத்து அழுத்தும் கல்லாக அது ஆகிவிடக் கூடாது. நான் உம்மம்மாவின் பாயைத் திருப்பியது தவறில்லை. காகிதத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேனே, அதுதான் தவறு.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்துச் சிறிய பள்ளிவாசல் ஒன்றில் இதே பிரச்சினை எழுந்தது. இளைஞர்கள் காந்த ஊசியோடு வந்து, கட்டடமே கோணல் என்றார்கள். பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களின் வாப்பாமார் கல் சுமந்து கட்டிய பள்ளி அது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் காகிதம் கொண்டு போகவில்லை. உம்மம்மாவின் கேள்வியையும் ஹஸ்ரத் சொன்ன பதிலையும் முதலில் சொன்னேன். காந்த ஊசி காட்டுவது மெய்யான வடக்கு அல்ல, பக்கத்தில் இரும்புத் தூண் இருந்தால் அது இன்னும் தடுமாறும் என்பதையும் சொன்னேன். பிறகு ஒரு கயிறும் சுண்ணாம்பும் கேட்டேன். மேற்கே பத்தடி, அங்கிருந்து வடக்கே நாலடி நாலங்குலம். கர்ணத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்தோம். ஒரு முனையைப் பிடித்தவர் அந்தப் பள்ளியிலேயே மூத்தவர். கயிறு காட்டிய திசைக்குக் குறுக்காக ஸஃப் கோடுகளைப் போட்டோம். மூலைகளில் முக்கோணமாக இடம் மிஞ்சியது. கட்டடம் அப்படியே இருந்தது, வரிசை மட்டும் சாய்ந்தது. தமிழ்நாட்டின் பழைய பள்ளிகள் பலவற்றில் இப்படிச் சுவருக்குச் சாய்வாக ஓடும் கோடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலைமுறைகள் சண்டையில்லாமல் ஒன்றாக நிற்கக் கண்டுபிடித்த வழி அது.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. மாமாவுக்கு எழுதும்போது சிங்கப்பூரின் கிப்லாவையும் மிஷினில் போட்டேன். மக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் 7,200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாமே வேறு. வந்த விடையைப் பார்த்துத் திரும்பவும் போட்டேன். உருண்டையில் நூலைப் பிடித்தும் பார்த்தேன். கடையநல்லூருக்கு வடக்கிலிருந்து வலமாகச் சுற்றி 293.3 பாகை. சிங்கப்பூருக்கு 293.0. மூன்றில் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து மக்காவுக்குப் போகும் கோடு எங்கள் ஊருக்கு 300 கிலோமீட்டர் வடக்கே, சத்தியமங்கலம் மலைகளுக்கு மேலே போகிறது. உருண்டையின் வளைவில் அந்த இரு கோணங்களும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. நான் கணித ஆசிரியன். தற்செயல் என்ற சொல்லுக்கு மேல் எதையும் அதில் ஏற்றமாட்டேன். ஆனால் சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஜாமிஆ சூலியா பள்ளியில் மாமா ஜும்ஆவுக்கு நின்ற நாட்களிலும், இங்கே அவருடைய தாய் நீல நூலைப் பார்த்து நின்ற நாட்களிலும், இரண்டு பேரும் ஒரே அளவு திரும்பியிருந்தார்கள். அதை உம்மம்மாவிடம் சொன்னேன். அவள் மாமாவை நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்று அவள் மிஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, அதன் விசைகளைத் தன் முந்தானையால் துடைத்தாள். அதற்கு முன்பு அவள் அதைத் தொட்டதே இல்லை.

உம்மம்மா 1986இல் மௌத்தானாள். கப்ரில் அவள் முகத்தை வைத்த திசையையும் நான்தான் நூல் பிடித்துக் காட்டினேன்.

இப்போது என் பேத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுடைய செல்போனே கிப்லா காட்டுகிறது. போன வாரம் பேசியபோது எத்தனை பாகை காட்டுகிறது என்று கேட்டேன். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்றாள். இங்கேயும் அதுதான் என்றேன். அவளுக்கு அஸருக்கு நேரமாகிவிட்டது, வைத்துவிட்டாள். எங்களுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் உள்ளறைக்குப் போய், ஜன்னலின் மூன்றாவது கம்பியில் நைந்து போயிருந்த நூலை அவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினேன்.